அப்பா நிறுத்திய வண்டி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஒற்று எங்கே வரும், எங்கே வராது என்பது இன்றுவரை பிடிபடவில்லை. வாரப் பத்திரிகைக்கு நான் அனுப்பும் தாள்களைத் திருத்தி அச்சுக்குக் கொடுக்கும் தம்பி வாரா வாரம் போன் செய்து, "அண்ணே, இந்த வரியில என்ன எழுதியிருக்கீங்க?" என்று கேட்கிறார். சில நேரம் எனக்கே தெரிவதில்லை.

நாலு பேர் முன்னால் பேச வராது என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். இந்த வாரத்துக்கு உள்ளதை மட்டும் பல தடவை தொடங்கி, தாளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். இப்போது அப்பாவே எழுதச் சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

கரைமேல் நின்ற வண்டி

அது ஓர் ஆவணி மாதக் காலை. வெயில் இன்னும் ஏறவில்லை. வாய்க்காலில் தண்ணீர் முட்ட ஓடிக்கொண்டிருந்தது. கரைமேல் போகும் கப்பி ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, பழைய வேட்டித் துணியால் அதன் டேங்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. கைக்கு ஒரு வேலை கொடுக்க வேண்டியிருந்தது.

கறுப்பு டேங்க், ஓரத்தில் பொன்நிறக் கோடு. முன்னால் தாம்பாளம் அளவுக்கு ஒரு வட்ட விளக்கு. கீழே ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டு. பார்க்கிறவர்கள் வெள்ளைக்காரன் காலத்து மோட்டார் சைக்கிள் என்று நினைப்பார்கள். ஆனால் அதில் பெட்ரோல் கிடையாது. புகை கிடையாது. உள்ளே பேட்டரியும் கரண்டு மோட்டாரும்தான். நானே சேர்த்துச் செய்த வண்டி.

கரையோடு கொஞ்ச தூரம் போனால் அப்பா ஆட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருப்பார். அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய், டீக்கடை வாசலில் எல்லாரும் பார்க்க இறக்க வேண்டும். வண்டியைச் செய்ததே அந்த ஒரு பயணத்துக்காகத்தான்.

ஏன் என்று சொல்ல, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

டீக்கடையில் சொன்ன கதை

என் அப்பா முருகையன் எங்கள் ஊர்ப் பண்ணையில் ஆளாக இருந்தவர். அந்தப் பண்ணையாரிடம் ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தது. சுற்று வட்டாரத்தில் அது ஒன்றுதான். நாலு வயல் தள்ளி வரும்போதே நெஞ்சில் இடிப்பதுபோல அதன் சத்தம் கேட்குமாம்.

சத்தம் கேட்டதும், வரப்பிலோ கரையிலோ நடந்துகொண்டிருப்பவர்கள் இறங்கிவிட வேண்டும். வாய்க்காலோ சேறோ, எதுவானாலும் இறங்க வேண்டும். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வண்டி போகிற வரைக்கும் தலையைக் குனிந்து நிற்க வேண்டும். இப்படி ஒரு சட்டம் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு நாள் அப்பா இறங்கவில்லை. இதுதான் கதை.

"நட்ட நடு வரப்புல நின்னேன்" என்பார் அப்பா, டீக் கிளாசைக் கீழே வைத்துவிட்டு. "வண்டி வருது. வருது. வந்து எனக்கு ஒரு முழ தூரத்துல நிக்கிது. அவரு காலத் தரையில ஊணிட்டாரு. என்ன பாக்குறாரு. நான் அவரப் பாக்குறேன். ஒரு வார்த்த இல்ல. அப்பறம் வண்டியத் திருப்பி வயல்ல எறக்கி, சுத்திக்கிட்டுப் போறாரு."

"பயமா இல்லயா பெரியப்பா?" என்று யாராவது கேட்பார்கள்.

"பயமா? எனக்கா? அவரு கால்தான்டா ஆடுச்சு!"

கடை முழுக்கச் சிரிப்பு எழும். பல நூறு தடவை கேட்ட கதை. ஆனாலும் வெளியூர்க்காரர் யாராவது வந்து உட்கார்ந்தால், "பெரியப்பா, அந்த வண்டிக் கதையச் சொல்லுங்க" என்று ஊரே அவரைக் கிளப்பிவிடும்.

நான் சின்ன வயதிலிருந்தே யார் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துப் பேசியவன் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெயர் கேட்டால்கூட நாக்கு ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் இருப்பவன் எழுந்து, "சார், அவன் வண்டிய நிறுத்துன முருகையன் மவன்" என்று சொல்வான். அந்த ஒரு நிமிஷம் நானும் கொஞ்சம் உயரமாக இருப்பேன். பிறகு பண்ணை கைமாறியது, நிலம் துண்டு துண்டாகப் போனது, எங்களுக்கும் கொஞ்சம் வயல் வந்தது. ஆனால் அப்பாவிடமிருந்து எனக்கு வந்த சொத்து என்று நான் நினைத்தது அந்தக் கதையைத்தான்.

மோட்டாரின் எலும்பு

பட்டுக்கோட்டைக்குப் போகும் சாலையில் எனக்கு ஒரு காயில் கட்டும் கடை இருக்கிறது. பம்புசெட் மோட்டார் எரிந்துபோனால் என்னிடம் கொண்டுவருவார்கள். கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டு, புதுக் கம்பியைச் சுற்றி, மூங்கில் ஆப்பு அடித்து, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுப்பேன். அந்த வார்னிஷ் வாசனை என் சட்டையை விட்டுப் போனதே இல்லை. "நீங்க செத்தாக்கூட இது போகாது" என்பாள் என் மனைவி. எரிந்த மோட்டாருக்கு வாய் கிடையாது, அதனால் அதோடு எனக்கு ஒத்துப்போயிற்று.

அந்தப் பெரிய புயலுக்குப் பிறகு வாரக்கணக்கில் ஊரில் கரண்டு இல்லை. கடையில் வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, தென்னை விழுந்து நசுங்கிய ஒரு பேட்டரி ஆட்டோவின் மோட்டார் என் கைக்கு வந்தது. அதைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் அந்த எண்ணம் தோன்றியது. அப்பா நிறுத்திய அதே வண்டியை நான் செய்தால் என்ன? அதில் அவரையே ஏற்றி ஊருக்குள் கொண்டுபோனால் என்ன?

பழைய இரும்புக் கடையில் ஒரு சட்டம் கிடைத்தது. வெட்டி, வளைத்து, பற்றவைத்தேன். டிராக்டர் சீட்டின் ஸ்பிரிங்கை இதன் சீட்டுக்கு வைத்தேன். கும்பகோணத்தில் பாத்திரம் அடிக்கும் ஒருவர் டேங்கைத் தகட்டில் தட்டிக் கொடுத்தார். "என்னங்க இது, குடமா, கூஜாவா?" என்று கடைசிவரை கேட்டுக்கொண்டே தட்டினார். அதன் வயிற்றுக்குள் பேட்டரிகளை அடுக்கினேன். என்ஜின் இருக்க வேண்டிய இடம் வெறுமையாகத் தெரிந்தது. ஒரு பழைய பம்பு மோட்டாரின் வரி வரியான வெளிக்கூட்டை அறுத்து அங்கே மாட்டினேன். பார்க்க அசல் என்ஜின் மாதிரியே இருந்தது.

பண்ணையாரின் வண்டியை நான் ஓடிப் பார்த்ததில்லை. மாட்டுக்கொட்டகையில் துருப்பிடித்துச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன், அவ்வளவுதான். அதனால் ஒவ்வொன்றையும் அப்பாவிடமே கேட்டேன், எதற்கென்று சொல்லாமல்.

"லைட்டு எவ்ளோ பெருசுப்பா இருக்கும்?"

"நம்ம தாம்பாளம் இல்ல, அவ்ளோ."

"டேங்க்கு மேல மூடி எப்படி?"

"மேலயா?" யோசித்தார். "மேல எல்லாம் யாரு பாத்தா? அடியில எண்ண ஒழுகுன கறை இருக்கும். மட்கார்டுக்கு உள்ள சேறு காஞ்சு, அடை மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கும். பூட்சு வைக்கிற எடத்துல ரப்பரு வரி வரியா இருக்கும். சைலன்சரு நுனியில ஒரு நசுங்கல்."

நான் அப்படியே செய்தேன். சைலன்சர் தேவையில்லாத வண்டிக்கு ஒரு சைலன்சரும் வைத்து, அதன் நுனியைச் சுத்தியலால் தட்டி நசுக்கினேன். வண்டியின் அடிப்பக்கமே அப்பாவுக்கு ஏன் அவ்வளவு நன்றாகத் தெரிகிறது என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

வந்தது கேட்கவில்லை

துடைத்தது போதும் என்று வண்டியில் ஏறினேன். சாவியைத் திருப்பி மெதுவாக விட்டேன். கப்பிக்கல்லில் டயர் உரசுவது மட்டும் லேசாகக் கேட்டது. முதுகுக்குப் பின்னால் சூரியன்.

அப்பா கரையில் எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தார். துண்டைச் சும்மாடாகச் சுருட்டி, அதன்மேல் புல்லுக்கட்டை வைத்திருந்தார். கூப்பிட நினைத்தேன். பிறகு, பக்கத்தில் போய்ப் பார்க்கட்டும், திகைக்கட்டும் என்று சும்மா இருந்தேன்.

மிகவும் பக்கத்தில் போன பிறகுதான் திரும்பினார். வெயிலில் என் முகம் அவருக்குத் தெரிந்திருக்காது. விளக்கும் டேங்கும்தான் தெரிந்திருக்கும்.

புல்லுக்கட்டைத் தலையிலிருந்து தள்ளிவிட்டார். இறங்கினார். எண்பதை நெருங்கும் மனிதர் அந்தச் சரிவில் அவ்வளவு வேகமாக இறங்குவார் என்று நான் நினைத்ததில்லை. ஒரு கால் வழுக்கி, முழங்காலுக்கு மேல் தண்ணீரில் போய் நின்றார். சும்மாட்டுத் துண்டை உருவிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். தலையைக் குனிந்தார். அப்படியே நின்றார்.

நான் பிரேக் பிடித்தேன். அந்த இடத்தைத் தாண்டித்தான் வண்டி நின்றது.

"அப்பா... நான்தாம்ப்பா. தங்கராசு."

நிமிர்ந்து பார்த்தார். அந்த முகத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

"சத்தமே இல்லாம வந்துட்டியேடா" என்றார். "சத்தம் கேட்டிருந்தா..."

கையை நீட்டினேன். பிடிக்கவில்லை. நாணல் புதரைப் பற்றிக்கொண்டு தானே மேலே ஏறினார். புல்லுக்கட்டு வாய்க்காலில் மிதந்து போய்க்கொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம், வேறு எங்கே பார்ப்பது என்று தெரியாமல்.

மதகின்மேல் இன்னொரு ஆள் நின்றிருந்தார். மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர் கலியபெருமாள். எங்கள் தெருக்காரர்தான். தொடையில் தட்டிச் சிரித்தார்.

"என்ன பெரியப்பா! பண்ணையாரு செத்து எத்தன வருசமாச்சு! பெத்த புள்ள வண்டிக்கே துண்ட எடுத்துட்டீங்களே!"

அப்பா நடந்தே வீட்டுக்குப் போனார். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். மோட்டாரைப் போட மனம் வரவில்லை.

ஊர்ச் சிரிப்பு

நாங்கள் வீடு போய்ச் சேரும் முன்பே கதை டீக்கடைக்குப் போயிருந்தது. கலியபெருமாள் கெட்டவர் இல்லை. ஆனால் அவர் கையில் அன்று நல்ல கதை ஒன்று கிடைத்துவிட்டது. அதைக் கீழே வைக்க அவரால் முடியவில்லை. துண்டைக் கக்கத்தில் வைத்து அப்பாவைப்போலவே குனிந்து நின்று காட்டினாராம். கடையே விழுந்து விழுந்து சிரித்ததாம்.

அடுத்த நாள் அப்பா வழக்கம்போல டீ குடிக்கப் போனார். ரோட்டில் ஏதோ ஒரு மோட்டார் சைக்கிள் போனது. "பெரியப்பா, எறங்குங்க, எறங்குங்க" என்றது ஒரு குரல். அப்பா கிளாசைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பிவிட்டார். பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

நான் வண்டியைக் கடை மூலையில் நிறுத்தி, சாக்கைப் போட்டு மூடினேன். கலியபெருமாளின் சட்டையைப் பிடித்து இரண்டு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்று மனைவி சொன்னாள். என்னால் முடிகிற காரியமா அது? எரிச்சலெல்லாம் எனக்குள்ளேயே கிடந்தது. சிரித்தவர்கள் மேல் எரிச்சல். செத்துப்போய் இத்தனை வருஷம் ஆகியும் ஒரு மனிதரின் காலில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பண்ணையார் மேல் எரிச்சல். அவர் வண்டியை அச்சு அசலாகச் செய்து கொண்டுவந்த என் கை மேலும்தான்.

கீழே நின்றவர்

ஒரு நாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

"அந்த வண்டி எங்க?" என்றார்.

"கடையிலதாம்ப்பா. பிரிச்சுப் போட்டுடலாம்னு இருக்கேன்."

"ஏன் பிரிக்கணும்? வண்டி என்ன பண்ணுச்சு?" கஞ்சியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "அன்னைக்கி நின்னது நான் இல்லடா."

கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"உங்கம்மா."

மழைச் சத்தத்தில் சரியாகக் கேட்டேனா என்று இருந்தது. அவரே தொடர்ந்தார்.

"நடவு நேரம். ஆளுங்களுக்குக் கஞ்சி எடுத்துக்கிட்டு வரா. தலையில பான. இடுப்புல நீ. சத்தம் கேட்டதும் நாங்க எல்லாம் எறங்கிட்டோம். அவ இந்தப் பக்கம் பாத்தா, அந்தப் பக்கம் பாத்தா. ரெண்டு பக்கமும் சேறு. எறங்குனா பான போயிரும். பான போனா அத்தன பேருக்கும் அன்னைக்கிப் பட்டினி. நின்னுட்டா. 'எறங்குடி, எறங்குடி'ன்னு நான்தான் கீழேருந்து கத்துனேன். எறங்கல. வண்டி வந்து நின்னுச்சு. அவரு பாத்தாரு. அவளும் பாத்தா. அப்பறம் வண்டிய நட்ட வயலோட ஓரமா எறக்கி, சேறு தெறிக்க ஓட்டிக்கிட்டுப் போனாரு. பாழாப் போன நாத்த எல்லாம் அவதான் ஒண்டியா திரும்ப நடணும்னு சொல்லிட்டாரு. நட்டா."

"அப்பறம் எப்படிப்பா அது...?"

"ஊர்ல ஒருத்தன் 'முருகையன் பொண்டாட்டி நிறுத்துனா'ன்னான். அடுத்தவன் வாயில 'முருகையன் நிறுத்துனான்'னு ஆயிருச்சு. நான் இல்லன்னு சொல்லல."

"அம்மா ஒண்ணும் சொல்லலயா?"

"சொல்லல. ஒருதரம் நானே கேட்டேன். 'சொல்லிக்கிட்டுப் போங்க, உங்களுக்குன்னு ஒண்ணு இருந்துட்டுப் போவட்டும்'னா."

என் அம்மா புயலுக்கு முந்தின வருஷம் இறந்துவிட்டார். அவர் உயிரோடு இருந்தவரை, ஒரு நாள்கூட அவரிடம் போய் அந்த வண்டியைப் பற்றி நான் கேட்டதில்லை. அவருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றுதான் இருந்தேன்.

மழை விட்டதும் அப்பா எழுந்து சட்டையைப் போட்டார். டீக்கடைக்குப் போக வேண்டும் என்றார். "வண்டிய எடுத்துட்டு வரேன், ஏறுங்கப்பா" என்றேன்.

"அதுல அவள ஏத்தியிருக்கணும்" என்றார். நடந்தே போனார்.

கடையில் வழக்கமான ஆட்கள் இருந்தார்கள். கலியபெருமாளும் இருந்தார். அப்பா உட்காரவில்லை. நின்றுகொண்டே, என்னிடம் சொன்னதைக் குறைக்காமல் கூட்டாமல் சொன்னார். தான் கீழே நின்றதையும், எறங்குடி என்று கத்தியதையும் சேர்த்துச் சொன்னார்.

கலியபெருமாள்தான் முதலில் சொன்னார்: "ஏன் பெரியப்பா, உங்க கத உடைஞ்சு போச்சுன்னதும் பெரியம்மா தலையில தூக்கி வச்சிட்டீங்களா?"

"பொம்பள நின்னான்னா பண்ணையாரு வண்டிய நிறுத்தியிருப்பாரு?" என்றார் இன்னொருவர். "ஏத்திக்கிட்டுல்ல போயிருப்பாரு!"

மறுபடியும் சிரிப்பு. இத்தனை வருஷம் அப்பா சொன்ன பொய்யை ஒருவர்கூடச் சந்தேகப்பட்டதில்லை. உண்மையைச் சொன்ன அன்று ஒருவர்கூட நம்பவில்லை.

"நெசந்தாங்க. இடுப்புல இருந்தது நான்தான்" என்றேன். என் குரல் கடையில் ஓடிய டிவியின் சத்தத்தைத் தாண்டிப் போகவில்லை. டீ போடுகிறவர் மட்டும் திரும்பி, "உங்களுக்குச் சர்க்கர போடவா, வேணாமா?" என்று கேட்டார்.

"வாடா" என்றார் அப்பா.

வண்டியை நான் பிரிக்கவில்லை. எரிந்த மோட்டார்களை ஏற்றிக்கொண்டு வரவும், கட்டியதைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் அதுதான் இப்போது எனக்கு உதவுகிறது. இரும்பு உரசித் தோல் சீட்டு கிழிந்துவிட்டது. தஞ்சாவூர்ப் பக்கம் போனால் காரில் போகிறவர்கள் நிறுத்தி, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். "எந்த வருஷத்து மாடல்ங்க?" என்று கேட்கிறார்கள். தெரியாது என்று சொல்லிவிடுவேன். அப்பா அதில் இதுவரை ஏறவில்லை. இனி நானும் கேட்க மாட்டேன்.

இதுவரை எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்.

"அவ பேரு எங்கடா?" என்றார்.

புரட்டிப் பார்த்தேன். முருகையன் இருக்கிறது, தங்கராசு இருக்கிறது, கலியபெருமாள்கூட இருக்கிறது. அம்மாவின் பெயர் எங்கேயும் இல்லை.

வண்டியை நிறுத்தியவர் பெயர் காசாம்பு.

ஐப்பசி மாதம், கடைசி வெள்ளிக்கிழமை.